வேலிக்கு அந்தப் பக்கத்துக் கையெழுத்து

சித்திரை பத்தாம் தேதி, வாஸ்து புருஷன் எழும் வாஸ்து நாள். அன்றைக்கு ஒன்றரை மணி நேரம்தான் நல்ல நேரம். அதைத் தவறவிட்டால் வைகாசி இருபத்தொன்று வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும். அதனால் கேரள எல்லைக்குள் இருக்கும் வடகரப்பதியைச் சேர்ந்த சென்னிமலை, பஞ்சாயத்துப் பர்மிட்டுக்குக் காத்திருக்கவில்லை. பூசை போட்டு, வீட்டின் பக்கவாட்டில் முதல் கல்லை வைத்துவிட்டார்.

கட்டுவது கழிவறையோடு ஒரு குளியலறைதான். அவர் மனைவி கமலாத்தாளுக்கு மாசியில் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பழைய கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தது. பாசி பிடித்த எட்டுப் படி இறங்கிப் போக வேண்டும். அதில் வழுக்கி விழுந்தால் எழுந்து நடப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மேஸ்திரி வேல்முருகன் வேலந்தாவளம் எல்லைச் சாவடிக்கு அப்பால், கோவைப் பக்கத்துக்காரன். "ஏனுங்க, ஒரு பாத்ரூமுக்குப் போயி பர்மிட்டா? எங்க பக்கம் கேக்காமயே கட்டீட்டுப் போயிருவமுங்க" என்று அவனும் தைரியம் சொன்னான்.

சுவர் மார்பளவு வந்தபோது பஞ்சாயத்து ஓவர்சியர் ஜோஜோவின் பைக் வாசலில் நின்றது.

"சேட்டா, பெர்மிட் உண்டோ?"

"வாஸ்து பாத்துப் போட்டதுங்க சார்."

"வாஸ்து புருஷன் எழுந்தா மாத்திரம் மதியோ? பஞ்சாயத்து செக்ரட்டரியும் எழுந்நேல்க்க வேண்டே?"

வேல்முருகன் சிரித்துவிட்டான். சென்னிமலை முறைத்தார். ஜோஜோ டேப்பைப் பிடித்து அளந்தார். சுவருக்கும் வேலிக்கும் நடுவே ஒன்றரை அடிகூட இல்லை. வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் எழுதினார். பிறகு, கோபமில்லாமல், நிழலில் நின்று விளக்கினார். பழைய வீட்டோடு ஓர் அறை சேர்ப்பதற்கும் பிளான், வரி ரசீது, விண்ணப்பம் எல்லாம் வேண்டும். எல்லையிலிருந்து இடம் விட வேண்டும். பக்கத்து இடத்துக்காரர் சம்மதம் எழுதிக் கொடுத்தால் இந்தச் சுவர் நிற்கலாம். ஆனால் அந்தப் பக்கம் ஜன்னல் கூடாது. சம்மதம் இல்லையென்றால் இடிக்க வேண்டியதுதான்.

பக்கத்து இடம் வள்ளியாத்தாளுடையது. அவருடைய முருங்கை இந்தப் பக்கம் சாய்கிறது என்று சென்னிமலை அடியோடு வெட்டிச் சாய்த்து மூன்று வருஷம் ஆகிறது. அன்றோடு பேச்சு நின்றது. பெண்களும் பேசக்கூடாது என்பது சென்னிமலை போட்ட சட்டம்.

"அவதான் பஞ்சாயத்துக்குப் போன் போட்டிருப்பா. ராத்திரி பூரா பல்ப எரிய உட்டு நம்ம கொல்லைல வெளிச்சமடிக்கறா, மனுசனத் தூங்க உடாம. அவகிட்டப் போயி நிக்கச் சொல்றயா?" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார் சென்னிமலை.

கமலாத்தாள் எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்டாள். "கேட்டுத்தான் பாருங்களேன்" என்றாள்.

நான்கு நாள் போனது. ஐந்தாம் நாள் மேற்கே மேகம் கறுத்தது. கமலாத்தாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முதல் படியில் காலை வைப்பதைச் சென்னிமலை பார்த்தார். சம்மதக் காகிதத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வள்ளியாத்தாள் வாசலில் புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா..."

"மூணு வருசங் கழிச்சு அக்காவா? உக்காரு. கையில என்ன, கல்யாணப் பத்திரிகையா?"

சென்னிமலை எல்லாவற்றையும் சொன்னார். முருங்கையை வெட்டியது தப்பு என்பதையும் தலையைக் குனிந்துகொண்டே சொல்லி முடித்தார்.

"அது தளுத்து, காய் கூட உட்டுருச்சு. அப்பறம், பஞ்சாயத்துக்கு நானொண்ணும் சொல்லல சாமி. ரோட்டுல போறவனுக்குச் செங்கல் லோடு கண்ணுல படாதா? எங்க போடோணும் கையெழுத்து?"

"உங்க பக்கம் ஜன்னல் வெக்கக் கூடாதுங்கறாங்க்கா."

"ஜன்னல் இல்லாட்டி என்ன, வாசல் இருக்குதல்லோ. கமலாத்தாள வரச்சொல்லு." புளிக் கையைத் துடைத்துவிட்டு நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "இனி அந்தக் கொல்லைப் பல்ப அணைச்சுப்போடலாமில்ல?"

"எதுக்குங்க்கா அது எரியுது?"

"உன்ற பொண்டாட்டி இருட்டுல அந்தப் படியெறங்கறாளே, அதுக்குத்தான். அவளுக்குக் காலு வலி கண்ட நாள்லருந்து, மூணு வருசமா எரியுது."

சென்னிமலை காகிதத்தை மடித்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்கு வந்ததும், "பல்பு சங்கதி உனக்குத் தெரியுமா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"தெரியுமுங்க. பேசக் கூடாதுன்னு சொல்லீட்டீங்க. அந்த வெளிச்சத்தப் பாத்துக் கும்பிட்டுப்போட்டுத்தான் தெனமும் எறங்குவேன்."

பிளானும் சம்மதமும் அபராதமும் சேர்ந்து போய், வைகாசி பிறந்த வாரத்தில் பர்மிட் வந்தது. "இனி தைரியமாயிட்டு கெட்டிக்கோ சேட்டா" என்று ஜோஜோ போனில் சொன்னார். வேல்முருகன் கூரை போட்டு, உள்ளே கைப்பிடிக் கம்பியும் பதித்துக் கொடுத்தான். முதல் மழை பெய்தபோது கமலாத்தாள் ஒரு படிகூட இறங்கவில்லை. தகரத்தில் மழை அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சென்னிமலை நெடுநாளைக்குப் பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார். சாமி எந்த ரூபத்தில் வரும் என்று யாருக்குத் தெரியும்? அவர் வீட்டுக்கு நாற்பது வாட் பல்பாக வந்திருந்தது. அவர் அதைத்தான் மூன்று வருஷம் திட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பொழுது சாயும் நேரம், புதுச்சுவரின் வெளிப்பக்கம் ஏணி போட்டு ஒரு பல்பு மாட்டினார். ஆட்டுப்பட்டியைச் சாத்த வந்த வள்ளியாத்தாளின் காலடியில் வெளிச்சம் விழுந்தது.

"ஏஞ்சாமி, என்னயத் தூங்க உடாமப் பண்ணறதுக்கா?" என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆமாங்க்கா" என்றார் சென்னிமலை, ஏணியிலிருந்தபடியே.