மெல்லிய திரை

எச்.ஐ.வி.யோடு பதினொரு வருடமாகக் குடித்தனம் நடத்தும் தையல்காரர், ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டதில்லை. சொன்ன தேதிக்குச் சட்டை நான்கு நாள் தள்ளிப் போகும். இரவு எட்டு மணி மாத்திரை நான்கு நிமிடம் தள்ளிப் போகாது. டப்பா நேற்றோடு காலி. காலையில் கடையைப் பாதி திறந்தபடி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மாத்திரை தரும் பதினேழாம் அறை பூட்டிக் கிடந்தது. கதவில் ஒரு தாள்: ‘சம மருத்துவ உரிமை விழாவை முன்னிட்டு இன்றும் நாளையும் மாத்திரை வழங்கப்பட மாட்டாது. அனைவரும் விழாவுக்கு வருக.’

பல் அறை திறந்திருந்தது. கண் அறை, எலும்பு அறை எல்லாம் திறந்திருந்தன. யாருக்குச் சம உரிமையோ அவர்களுடைய அறைக்கு மட்டும் பூட்டு.

மாத்திரை அறை ஆலோசகர் எதிரே ஓடிவந்தாள்.

“அண்ணே! நல்லவேளை வந்தீங்க. அனுபவம் பேச வேண்டியவர் கடைசி நேரத்துல கை விரிச்சிட்டாரு. நீங்க பேசுங்க.”

“நான் மாத்திரைக்கு வந்தேம்மா.”

“அஞ்சே நிமிஷம். முடிஞ்சதும் அறையைத் திறக்கச் சொல்றேன். சாவி மருந்தாளர் பாக்கெட்ல இருக்கு. அவரு மேடையில பேனரோட ஒரு முனையப் பிடிச்சிட்டு நிக்கிறாரு. விட்டா விழுந்துரும்.”

“என் முகம்?”

“திரைக்குப் பின்னாடிதான் உட்காருவீங்க. போன வாரம் நீங்க தைச்சீங்களே, அந்த வெள்ளைத் திரை.”

ஆஸ்பத்திரி கொடுத்த துணியைப் பார்த்துத் தையல்காரர் அன்றே சொல்லியிருந்தார், இதற்குள் கொசு உட்கார்ந்தாலும் வெளியே தெரியும் என்று. எதற்கு என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல், மைக்கும் விளக்கும் மச்சானுடைய பொறுப்பு. மனைவியின் தம்பி. மனைவிக்கு எல்லாம் தெரியும், மச்சானுக்குத் தெரியாது. வாரா வாரம் வந்து சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவன், தெரிந்தால் வாசலோடு போய்விடுவான் என்பது அவள் பயம். உள்ளே வந்தும் தண்ணீர் குடிக்காமல் போய்விடுவான் என்பது இவர் பயம்.

ஆனால் எட்டு மணிக்கு மாத்திரை வேண்டும். பின்வாசல் வழியாகப் போய்த் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். குறும்படம் காட்டுவதற்காக ஜன்னல்களை அடைத்திருந்ததால் அரங்கம் இருட்டாக இருந்தது.

“அடையாளத்தைக் காப்பது எங்கள் உயிர்மூச்சு” என்றார் தலைமை மருத்துவர். “எங்கே, விளக்கைப் போடுப்பா!”

மச்சான் போட்டான். விளக்கை மேடையின் பின்சுவரில் மாட்டச் சொன்னவரும் தலைமை மருத்துவர்தான்.

திரையில் ஆளுயரத்துக்கு ஒன்றரை மடங்காக ஒரு நிழல் எழுந்தது. கூன் விழுந்த முதுகு, காதில் பென்சில், கழுத்தின் இரண்டு பக்கமும் தொங்கும் அளவு நாடா. கடையிலிருந்து ஓடிவந்த அவசரத்தில் அதைக் கழற்ற மறந்திருந்தார்.

இது தெரியாத தையல்காரர், குரலை மட்டும் கீச்சென்று மாற்றிக்கொண்டார். “எனக்குப் பேச்சு வேணாம், மாத்திரை வேணும். அறை பூட்டியிருக்கு. தயவுசெஞ்சு திறந்து விடுங்க.”

கைதட்டல் அரங்கத்தைப் பிளந்தது. “பூட்டிய அறை! சமூகத்தின் மனதை எப்படிச் சொல்கிறார் பாருங்கள்!” என்று தலைமை மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முன்வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்து, “இந்த டேப்பு... அட, இது நம்ம...” என்று ஆரம்பித்தாள்.

விளக்கு அணைந்தது. மைக்கும் செத்தது.

“ஃபியூஸ் போச்சு!” என்று மச்சானின் குரல் கேட்டது. “எல்லாரும் வெளிய போங்க!”

இருட்டில் நாற்காலிகள் உருண்டன. மருந்தாளர் கையை விட்டார், பேனர் தொப்பென்று விழுந்தது. யாரோ தையல்காரரின் கழுத்திலிருந்து நாடாவை உருவி அவருடைய பாக்கெட்டில் திணித்தார்கள்.

“மாமா, இந்தப் பக்கமா வாங்க.”

பேனரிலிருந்து விடுதலையான மருந்தாளர் பதினேழாம் அறையைத் திறந்தார். தையல்காரருக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர் எங்கிருந்தோ முளைத்து வரிசையில் நின்றார்கள். டப்பாவோடு வெளியே வந்தபோது, மச்சான் நடையில் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நிஜமாவே ஃபியூஸ் போச்சாடா?”

“என் செட்டுல என்னைக்கு மாமா ஃபியூஸ் போயிருக்கு? தொழிலக் கேவலப்படுத்தாதீங்க.”

“அப்ப உனக்கு...”

“போன வருஷமே தெரியும். அக்கா டப்பாவக் கொண்டுபோய் முறுக்குப் பாத்திரத்துல ஒளிச்சு வைக்கிறா. அதை முதல்ல திறக்கிற ஆளு யாரு?”

“தெரிஞ்சுமா வந்து சாப்பிட்ட?”

“அக்கா சமையலையே தாங்கிட்டேன், இதுக்கா பயப்படப் போறேன்?”

தையல்காரர் சிரிக்கலாமா என்று யோசித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விழா அறிக்கையில், பயனாளியின் அடையாளம் இறுதிவரை காக்கப்பட்டது என்று எழுதினார்கள். மறுவாரம் ஆலோசகர் கடைக்கு வந்தாள்.

“பெரிய டாக்டர் கெட்டித் துணியில வேற திரை தைக்கச் சொன்னாரு. அடுத்த வருஷமும் நீங்கதான் பேசணுமாம்.”

தையல்காரர் நாடாவை உருவி, காற்றிலேயே ஒரு கழுத்தை அளந்தார்.

“திரை இருக்கட்டும்மா. சாவி மாட்ட ஒரு கயிறு தைச்சுத் தர்றேன். மருந்தாளர் கழுத்துல போட்டு, பதினேழாம் அறையிலயே உட்கார வைங்க. பேனர ஆணியில மாட்டிக்கலாம்.”