அறுத்த பக்கம் கீழே

மேசை உடைய வேண்டுமானால் அதற்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டும். தச்சருக்குத் தெரியும். பிளைவுட் பலகையின் நடுவில், மெல்லிய ரம்பத்தால் பாதி கனத்துக்கு நேராக ஒரு கோடு அறுப்பார். அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி இரண்டு ஸ்டூல்களின் மேல் வைப்பார். மேலே பாரம் விழுந்தால் பலகையின் அடிப்பக்கம் இழுபடும். கோடு வாய் பிளக்கும். பலகை படாரென்று இரண்டாகும். விழுந்த வேகத்தில் பெரும்பங்கைப் பலகையே விழுங்கிவிடுவதால், அதன்மேல் படுத்திருப்பவருக்கு முதுகில் பளாரென்று ஓர் அறை, அவ்வளவுதான். அதையே திருப்பிப் போட்டால் கதை வேறு. பாரம் விழ விழ அறுப்பு வாயை இறுக மூடிக்கொள்ளும். பலகை நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், வீட்டுக் கொல்லையில், அவரும் மனைவியின் தம்பியும் டிவியில் வருவதுபோல் மேசை உடைக்கிற மல்யுத்தம் போடுவார்கள். மச்சினன் வாரம் முழுக்கப் பார்சல் கொடுக்கிறவன். கொல்லையில் அவன் பெயர் சூறாவளி. முகமூடி மாட்டிய தச்சர் இரும்புத்தலை. ஆறு நாள் இழைப்புளி தள்ளிய உடம்பு, அந்த ஒரு மணி நேரம் காற்றில் மிதக்கும். மதில் மேல் சாய்ந்துகொண்டு அக்கம்பக்கத்தார் விசிலடிப்பார்கள்.

"ஏதாவது ஒடிஞ்சா யாரு பாக்கறது?" என்று மனைவி கேட்காத வாரம் இல்லை.

"என் அறுப்பு மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்பார்.

ஒரு ஞாயிறு, வீடியோ எடுக்க மச்சினன் போனைத் தரையில் வைத்தான். "கீழேருந்து எடுத்தா நான் வானத்துலேருந்து வர்ற மாதிரி இருக்கும் மாமா!"

அவர் முகமூடி மாட்ட உள்ளே போனார். போனில் பார்த்த மச்சினனுக்குப் பலகையின் அடியில் இருந்த கோடு பளிச்சென்று தெரிந்தது. வீடியோ பார்க்கிறவர்கள் ஏமாற்று என்பார்களே! பலகையைப் புரட்டிப் போட்டு, மேலே ஒரு போர்வையை விரித்தான்.

சண்டை சூடு பிடித்தது. அடிவாங்கித் தள்ளாடுகிறவராக நடித்த தச்சரை மச்சினன் தூக்கிப் பலகையில் கிடத்திவிட்டு, பக்கத்திலிருந்த கொட்டகையின் கூரைமேல் ஏறினான். கைகளை விரித்துக் கூட்டத்தைப் பார்த்தான். போர்வை விலகியிருந்த இடத்தில் தச்சரின் கட்டைவிரலில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அவருடைய அறுப்பு. மேல்பக்கம்.

"டேய், வேணாம்டா! நிறுத்து!"

மதில் ஓரம் ஒரே சிரிப்பு. கெஞ்சுவது இரும்புத்தலையின் வழக்கமான வசனம். மச்சினனும் சிரித்துக்கொண்டே பாய்ந்தான்.

உருண்டு விலகியிருக்கலாம். விலகினால், எட்டடி உயரத்திலிருந்து வருகிறவனைத் தாங்க உடம்பு இருக்காது. உடையாத பலகையில் முகம் குப்புற மோதுவான். தச்சர் மூச்சை வெளியே விட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

பலகை உடையவில்லை. அவருடைய வலது தோளும் இரண்டு விலா எலும்புகளும் உடைந்தன.

தோளுக்கு மேல் இனி கை தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாம் வாரம் பட்டறை முதலாளி வந்து, நலம் விசாரித்து, வேறு ஆளைப் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே மச்சினன் வந்தான்.

"மாமா அன்னைக்குச் சரியா அறுக்கலக்கா" என்றான் அக்காவிடம். "ஆழம் பத்தல."

தச்சர் கட்டிலில் கிடந்தபடியே, இடது கையால் ஒரு பழைய அட்டையை எடுத்து, நகத்தால் நடுவில் கீறி, இப்படி மடக்கினால் திறக்கும், அப்படி மடக்கினால் மூடும் என்று பொறுமையாகக் காட்டினார். மனைவி அட்டையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பொரட்டினியா?"

"கோடு தெரிஞ்சுதுக்கா. அசிங்கமா இருந்துச்சு."

"பள்ளம் கையில பட்டுது" என்றார் தச்சர். "நான் நகந்திருக்கலாம் மாப்ள. நகந்திருந்தா நீ பலகையில மூஞ்சிய ஒடச்சிருப்ப."

மச்சினன் ஒரு கணம் யோசித்தான். பிறகு முகம் மலர்ந்தது. "ஐயோ மாமா, அது இன்னும் செமயா இருந்திருக்கும்! இதுக்கே ஒரு லட்சம் பேரு பாத்திருக்காங்க. இங்க பாருங்க" என்று போனை நீட்டினான்.

வாங்குவதற்கு அவருடைய வலது கை எழவில்லை. மனைவி வாங்கினாள். முழுவதும் பார்த்தாள். "வேணாம்டா" என்று அவர் அலறுகிற இடத்தில் வந்த சிரிப்பு அறை முழுக்கக் கேட்டது.

"கெளம்புடா" என்றாள்.

"டீ கூடக் குடிக்கலயேக்கா?"