நாலாம் நம்பர் சிலிண்டர்

முத்துமாலை பிரேக்ஸ் திவாலாகிவிட்டது என்று பேப்பரில் விளம்பரம் வந்த ஒரு வாரத்துக்குள், அந்தக் கம்பெனிச் சாமானுக்குக் கயத்தாறு பஜாரில் கிராக்கி வந்துவிட்டது. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, அந்தக் கதைதான். இனிமேல் வராது, கிடைப்பதை வாங்கி வைப்போம் என்று வேன் டிரைவர்களும் மெக்கானிக்குகளும் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். அதிலும் நாலாம் நம்பர் அடித்த வீல் சிலிண்டர்தான் வேண்டுமாம். கோவில்பட்டியில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த பூங்கொடியின் காதுக்கும் இது வந்தது. அந்த நாலை அடித்தவள் அவள்தான்.

வீல் சிலிண்டர் என்பது உள்ளங்கையில் அடங்கும் சாமான். பிரேக்கை மிதித்ததும் ஆயில் வந்து அதைத் தள்ளும், அது சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். அதற்குள் இருக்கிற ரப்பர் கசிந்தால் மிதி கீழே போகும், வண்டி முன்னே போகும். அதனால் கம்பெனியில் ஒவ்வொன்றையும் கிளாம்பில் இறுக்கி, காற்றேற்றி, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பார்கள். முப்பது எண்ணும் வரை குமிழி வரக்கூடாது. வராவிட்டால் பார்த்தவர் தன்னுடைய நம்பரை உளியால் அடித்து அனுப்ப வேண்டும். ஆறு பேர் பார்த்தார்கள், ஆறு நம்பர். மற்றவர்களுக்குப் பதினைந்திலேயே முப்பது வந்துவிடும். பூங்கொடி நாற்பது வரை எண்ணுவாள். அவளை யாரும் அவ்வளவு எண்ணச் சொல்லவில்லை, அவள் சுபாவம் அப்படி. பத்து வருஷத்தில் அவள் முகம் தெரியாத ஊரிலெல்லாம் அவள் நம்பர் தெரிந்துவிட்டது.

முதலாளி லிங்கராஜ் கெட்டவர் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற தீப்பெட்டித் தொழிற்சாலை நடத்திச் சம்பாதித்ததைக் கொண்டுவந்து இந்தக் கம்பெனியில் போட்டவர். பூங்கொடியின் புருஷன் கிணற்று வேலையில் இறந்துபோனபோது, காரியம் முடிந்த மூன்றாம் நாளே அவளைக் கூப்பிட்டு வேலை போட்டுக் கொடுத்தார். வங்கிக்காரன் நெருக்க ஆரம்பித்ததும்தான் அவர் கை கோணியது. முதலில் ரப்பரை மாற்றினார், பாதி விலைச் சரக்கு. அப்புறம் சோதனைக்கு இருந்த ஆறு பேரில் ஐந்து பேரை நிறுத்தினார். ஒருநாள் தொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பூங்கொடி, இனி முக்க வேண்டாம். நாலை மட்டும் அடி."

"மொதலாளி, பத்துக்கு மூணு கசியுதே!"

"கசியுதது எனக்குத் தெரியாதா? கழிச்சா லோடு போகாது. லோடு போகலைன்னா கம்பெனி இந்த மாசமே போயிரும். ரெண்டு மாசம் பொறுத்துக்கோ. பழைய ரப்பருக்கே திரும்பிருவோம்."

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று படித்து வளர்ந்த ஊர். நன்றி நல்ல குணம்தான், ஆனால் அதை வைத்து வண்டியை நிறுத்த முடியாது. பூங்கொடிக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. அடித்தாள். இரண்டு மாதம் எட்டு மாதமாக நீண்டது. முதல் நாள் கை தானாகத் தொட்டிப் பக்கம் போனது, ஒரு மாதத்தில் அது நின்றுவிட்டது. கம்பெனி மூடிய பிறகு அவள் மனசு ஆறாமல் கிடந்தது அப்படிக் கை போவது நின்றதை நினைத்துத்தான்.

கிராக்கிச் செய்தி கேட்ட மறுநாள் காலையில் கயத்தாறுக்கு பஸ் ஏறினாள். கம்பெனிச் சாமானை அதிகமாக எடுத்து விற்றவர் அங்கே சீனி அண்ணாச்சி. லாரிகள் நிற்கும் இடத்துக்கு எதிரே அவருடைய கடை. முத்துமாலை டப்பாக்கள் வாசலிலேயே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பேரையும் நம்பரையும் சொன்னதும் அவர் எழுந்தே விட்டார்.

"நாலாம் நம்பரா! ஏலே பையா, அந்த ஸ்டூலை எடுத்துப் போடு. கலர் சோடா ஒண்ணு வாங்கிட்டு வா. இம்புட்டு நாளு உம்பேரைச் சொல்லித்தான்மா வித்துக்கிட்டு இருக்கேன்."

பூங்கொடி ஸ்டூலில் உட்காரவில்லை. கடையில் அப்போது ஜெயபாண்டி என்ற வேன் டிரைவர் இரண்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன் அவனுடையது.

"அண்ணாச்சி, இதை விக்காதீங்க. கடைசி எட்டு மாசத்துச் சரக்கு எதையும் நான் முக்கிப் பாக்கலை. சும்மா நம்பர் அடிச்சு விட்டது," என்றாள் பூங்கொடி.

சீனி அண்ணாச்சியின் முகம் சுருங்கியது. ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"உனக்குச் சம்பளம் பாக்கி நிக்குல்லா? வயித்தெரிச்சல் இருக்கத்தான்மா செய்யும். அதுக்காவ சோறு போட்ட கம்பெனியவே இப்படியா பேசுதது?"

"செத்த பாம்பை அடிக்கியேக்கா!" என்று ஜெயபாண்டி சிரித்தான்.

பூங்கொடிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயைத் திறக்காமல் இருந்தபோது நம்பிய உலகம், திறந்து உண்மை சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறது. பக்கத்தில் பஞ்சர் கடை இருந்தது. டியூப் முக்குகிற தொட்டியும் கம்பிரஸரும் கண்ணில் பட்டன.

"பேச்சு எதுக்கு அண்ணாச்சி, இங்கனயே முக்கிப் பாத்துருவோம்."

ஜெயபாண்டிக்கும் வேடிக்கை பார்க்க ஆசை. வேனிலிருந்து ஒரு கிளாம்பை எடுத்து வந்தான். பழைய பிரேக் பைப்பில் ஒரு துண்டை சிலிண்டரில் மாட்டிக் காற்றுக் குழாயோடு இணைத்தான். பூங்கொடி ஒரு டப்பாவைப் பிரித்து, இறுக்கி, தண்ணீருக்குள் இறக்கினாள். நாற்பது எண்ணினாள். ஒரு குமிழி இல்லை. இரண்டாவது டப்பாவும் அப்படியே. பஞ்சர் கடைக்காரன் சிரித்தான். சீனி அண்ணாச்சி, "நம்பர்னா நம்பர்தான், கேட்டியா?" என்றார். சாமான் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவளுக்கு அவமானமாக இருந்தது. வந்த வழியே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பத்துக்கு மூன்றுதானே என்று தன்னையே தேற்றிக்கொண்டு மூன்றாவதை இறக்கினாள்.

பதினொன்று எண்ணும்போது ஒரு குமிழி வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு உலை கொதிக்கிற மாதிரி வரிசையாக வந்தன. நாலாவதும் கசிந்தது. ஐந்தாவதைச் சீனி அண்ணாச்சியே வாங்கி, சட்டைக் கை நனைய நனையத் தொட்டிக்குள் பிடித்தார். அதுவும் கசிந்தது.

"ரெண்டு மூணு பேரு கசியுதுன்னு கொண்டாந்தானுவோ," என்றார் அவர் மெதுவாக. "ஒழுங்கா மாட்டத் தெரியலை, நாலாம் நம்பர் எப்படிலே கசியும்னு நாந்தான் ஏசி அனுப்புனேன்."

ஜெயபாண்டியின் சிரிப்பு எப்போதோ போயிருந்தது. "போன மாசம் பின்சக்கரம் ரெண்டுலயும் இதைத்தான் மாட்டுனேன். இருவது பொம்பளையள ஏத்திக்கிட்டு ஓட்டுதேன்க்கா. எங்க அம்மையும் அதுலதான் வாரா. நாப்பது எண்ணத் தெரிஞ்சவளுக்கு, மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையா?"

முதலாளி சொன்னார் என்று சொல்ல வாய் வரவில்லை. உளி அவர் கையில் இருக்கவில்லை.

"தெரியலை, தம்பி," என்றாள். "இப்பவே கழட்டிருங்க."

ஜெயபாண்டி தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன் போட்டு, சாயங்காலம் வேன் வர நேரமாகும், காத்திருக்கச் சொல்லுங்கள் என்றான். வேனுக்குப் பின்னால் ஜாக்கியைப் போட்டுச் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தான். மழைக்கு ஏறிய கரிசல் மண் பிரேக் டிரம்மில் அப்பிக் கிடந்தது. மண்ணைச் சுரண்டித் திறந்தபோது உள்ளே பிரேக் ஆயில் கசிந்து நசநசவென்று இருந்தது. அவன் அதை விரலால் தொட்டுப் பார்த்தான். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சீனி அண்ணாச்சி கடைக்குள் போய், வாசலில் அடுக்கியிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கி ஒரு சாக்கில் போட்டார். பூங்கொடி கூடமாட எடுத்துக் கொடுத்தாள். பிறகு அவர் மெக்கானிக்குகளின் நம்பர் எழுதிய நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, முதலில் ஓட்டப்பிடாரம் இசக்கிபாண்டியைக் கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாலாம் நம்பர் இருந்தா ஒரு பத்து எடுத்து வைங்க. இனி கெடைக்காதாம்லா."

"ஏலே, அதை இனி மாட்டாத. மாட்டுனதையும் கழட்டு. சரக்கு சரியில்லை."

"கம்பெனி படுத்துட்டுன்னு எவனாவது கெளப்பி விடுதானா அண்ணாச்சி? வேற கம்பெனிக்காரன் வேலையா இருக்கும். டப்பாவைத் தொறந்து பாருங்க, நாலு அடிச்சிருக்கும்."

"நாலு அடிச்சதுதாம்லே கசியுது."

"வெளையாடாதீங்க அண்ணாச்சி."

சீனி அண்ணாச்சி பூங்கொடியைப் பார்த்தார். அவள் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"தம்பி, நாலாம் நம்பர் பேசுதேன்."

"யாரு?"

"அந்த நாலை அடிச்சவ. எம்பேரு பூங்கொடி. எட்டு மாசமா தண்ணில முக்காமத்தான் அடிச்சேன். கசியுது தம்பி. கழட்டிருங்க."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி உறுமிக்கொண்டிருந்தது. யாரிடமோ அதை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றது.

"எந்த லோடுக்கா?"

"எல்லா லோடுந்தான்."

அவன் யாரிடமோ ஜாக்கியை எடுத்துவரச் சொன்னான். பிறகு போனை வைத்துவிட்டான். சீனி அண்ணாச்சி விரலை நோட்டில் அடுத்த வரிக்கு நகர்த்தி, "எப்போதும்வென்றான்," என்று ஊர்ப்பேரைச் சொல்லி நம்பரை வாசித்தார். பூங்கொடி போனைத் திருப்பிக் கொடுக்காமல் தானே அந்த நம்பரை அமுக்கினாள்.