சாவித் தாத்தா நல்லவரா?

பஞ்சு கதவை இழுத்துச் சாத்தியது பூனைக்குப் பயந்துதான். மாடிப்படி வளைவில் அது உட்கார்ந்து, தனக்கு எந்த உத்தேசமும் இல்லாத மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே கூடத்தில் நாணு அத்திம்பேர் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். கீழே தெருவில் நின்று, காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார், "எந்த மாடி? எந்த மாடி?" என்று கத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்து, "மூணாவது!" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்குள் பூனை நுழைந்துவிடக் கூடாதே என்று முன்யோசனையோடு கதவை இழுத்தான். பஞ்சுவுக்கு வாழ்க்கையில் வந்த கஷ்டங்களில் பாதி முன்யோசனையால் வந்தவை.

பூட்டு 'டக்' என்று விழுந்தது. அது வெளியிலிருந்து சாவி இல்லாமல் திறக்காத ரகம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அக்கா நாகுவின் சாவி போன வருஷம் பம்பாய் மாதுங்கா காய்கறி மார்க்கெட்டில் தொலைந்தது அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது. மிச்சமிருந்த ஒரே சாவி அத்திம்பேரின் பூணூலில் தொங்கிக்கொண்டு, அவரோடு கூடத்தில் கிடந்தது.

விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்தவர், வாளி நிரம்புவதற்குள் சரிந்துவிட்டார். ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ரிடையரானவர், குழந்தை குட்டி இல்லை. நாகு காலையிலிருந்து தம்பியிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். "இவரைத் தனியா விட்டுடாதேடா. பக்கத்தாத்துப் பங்கஜம் காப்பியைக் கையில வெச்சுண்டு நிக்கறா, ஒரு வாய் குடிச்சுட்டு வந்துடறேன். அதுவரைக்கும் பக்கத்துலயே உக்காந்துக்கோ."

வாத்தியார் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"என்ன, வெளியில நிக்கறேள்?"

"கதவு பூட்டிண்டுடுத்து."

"உள்ளே இருக்கறவாளைத் திறக்கச் சொல்றதுதானே?"

"உள்ளே அத்திம்பேர்தான் இருக்கார்."

"அவரைத் தவிர?"

பஞ்சு பூட்டைப் பார்த்தான். வாத்தியார் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துக்கமா சிரிப்பா என்று வெளியே தெரியவில்லை.

பக்கத்து வீட்டிலிருந்து நாகு வந்தாள். கதவைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, பலகையில் கையை வைத்துக்கொண்டாள்.

தாராவியிலிருந்து பாடைக்கு மூங்கிலும் கயிறும் கொண்டு வந்த இசக்கி, சுமையைத் தாழ்வாரத்தில் சாய்த்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தான்.

"என்ன சாமி, எல்லாரும் வெளிய நிக்கிய? சாவி ஆருட்ட இருக்கு?"

"பெரியவர்கிட்ட" என்றான் பஞ்சு.

"அப்பம் பெரியவரத்தான் கூப்பிடணும்" என்றவன், சொன்ன பிறகு விஷயம் புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "தப்பா நெனைக்காதீய சாமி."

மேல்படிகளில் கட்டடத்துக் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். விரட்டினாலும் இரண்டு படி ஏறி மறுபடி உட்காருகிற ஜாதி.

"சாவித் தாத்தா உள்ளேர்ந்து பூட்டிண்டுட்டார்."

"அரே, செத்துப்போனவர் எப்பிடிடா பூட்டுவார்?"

"அவர் பூட்டுவார்."

பஞ்சு குழந்தைகளைப் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டான். சாவித் தாத்தா என்ற பெயரை வைத்தது அவன்தான்.

ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் பகல் முழுக்க அடுத்தவர்களின் சாவைக் கணக்குப் பண்ணும் பஞ்சு என்கிற பஞ்சாபகேசன், 'கோட்டான்' என்ற புனைபெயரில், சென்னையிலிருந்து வரும் 'குட்டிக்கரணம்' என்ற குழந்தைகள் மாதப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதி வந்தான். பெயர் 'பூட்டிய மாடி'. ஒரு கட்டடத்தில் பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். முதலில் பாட்டு வாத்தியாரின் ஹார்மோனியம், பிறகு அவர் வளர்த்த கிளிகள், பிறகு பாட்டு வாத்தியாரே. கிளிகளுக்காகக் கட்டடம் முழுவதும் அழும். பாட்டு வாத்தியார் போனதை மட்டும் அடுத்த வாரம்தான் கவனிப்பார்கள். ஒவ்வொரு முறையும் பூணூலில் சாவி கட்டிய ஒரு கிழவர் மொட்டை மாடியிலிருந்து இறங்கி வருவார். மாடியில் ஏதோ வறுபடும் வாசனை வரும். அவ்வளவுதான். அவர் செய்தாரா, செய்தவனைப் பிடிக்கப் போனாரா, யாருக்கும் தெரியாது. எழுதுகிறவனுக்கும் தெரியாது. 'சாவித் தாத்தா நல்லவரா, கெட்டவரா?' என்று கேட்டு ஊர் ஊராகக் குழந்தைகள் கார்டு போட்டார்கள். சொல்லாமல் இழுப்பதுதான் கலை என்று பஞ்சு நினைத்துக்கொண்டிருந்தான். உயர்ந்த கலை என்றுகூட ஓரிரு தடவை கண்ணாடிக்கு முன்னால் நின்று நினைத்ததுண்டு.

கோட்டான் யார் என்று கட்டடத்தில் நாகுவுக்கு மட்டும் தெரியும். "அத்திம்பேர்கிட்ட மூச்சு விடாதே" என்று சொல்லித்தான் அவளிடம் சொன்னான். ஏனென்றால் அந்தப் பூணூல், அந்தச் சாவி, படியிறங்கும்போது தொண்டையைச் செருமும் அந்த வழக்கம் எல்லாமே அத்திம்பேருடையவை. அவன் கஷ்டப்பட்டுக் கற்பனை செய்தது கிளிகளை மட்டும்தான்.

"வெண்டிலேட்டர் வழியா நான் போறேன்" என்றாள் பங்கஜத்தின் பெண் சுப்பு.

"சீ, வாயை மூடு! குழந்தைகள் பார்க்கற விஷயமா இது?" என்றாள் பங்கஜம்.

வாத்தியார் கதவுக்கு மேலிருந்த சின்னச் சட்டத்தையும் சுப்புவின் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். "ராகுகாலம் வந்துடும்" என்று பொதுவாகச் சொன்னார். பங்கஜம் முணுமுணுத்துக்கொண்டே ஸ்டூலை எடுத்துவரப் போனாள்.

இசக்கி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, பஞ்சு சுப்புவைத் தூக்கிவிட்டான். அவள் கால்கள் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போயின. உள்ளே 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. தாழ்ப்பாளைத் திருப்ப ஒரு வினாடி போதும். அது வரவில்லை. "சுப்பூ!" என்று பங்கஜம் அலறினாள். உள்ளே வெறுங்கால் நடக்கும் சத்தம் கேட்டது, கதவுப் பக்கமாக அல்ல, கூடத்துப் பக்கமாக. கொஞ்சம் கழித்துத்தான் கதவு திறந்தது.

"என்னடி பண்ணினே இத்தனை நேரம்?"

"சாவியைப் பார்த்தேன். ரெண்டு இருக்கு. பெரிசு வீட்டுது. சின்னது எதும்மா?"

பதிலுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. அங்கே நின்றவர்களில் அந்தச் சாவியின் முழுக்கதை தெரிந்த ஒரே ஆள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சின்னது மொட்டை மாடிச் சாவி. நாலைந்து வருஷத்துக்கு முன்னால், சங்கராந்திப் பட்டம் விடும் நாள். இரண்டாம் மாடிப் பையன் ஒருவன் அறுந்த பட்டத்துக்காகக் கைப்பிடிச் சுவரில் ஏறி, அப்படியே வெளிப்பக்கம் சாய்ந்தான். அத்திம்பேர் பாய்ந்து அவன் டிராயரைப் பிடித்தார். டிராயர் கிழிந்தது, பையன் தங்கினான். ஒரு அறை விட்டார். பிறகு அங்கேயே உட்கார்ந்தவர், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தது பஞ்சு மட்டும். "அவன் அப்பனுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவான், யார்கிட்டயும் சொல்லாதே" என்றார். மறுநாள் கட்டடச் சொந்தக்காரர் செட்டியிடம் சொல்லி மாடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. குழந்தைகளின் பட்டத்தைப் பிடுங்கின பாவி என்று கட்டடமே பேசிற்று.

கதையில் பஞ்சு பூட்டை வைத்தான், சாவியை வைத்தான். டிராயரை மட்டும் வைக்கவில்லை. அதைச் சொன்னால் ஆள் முதல் மாதத்திலேயே நல்லவராகிவிடுவார். நல்லவரை வைத்துக்கொண்டு ஒரு தொடர்கதையை எத்தனை மாதம் ஓட்டுவது?

உள்ளே அத்திம்பேரைக் குளிப்பாட்டத் தொடங்கினார்கள். டோம்பிவிலியிலிருந்து வந்த அவர் தம்பி பிள்ளைதான் கொள்ளி வைக்கிற கர்த்தா. வாத்தியார் பூணூலிலிருந்து சாவிகளை அவிழ்த்து, யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் பார்த்து, பஞ்சுவிடம் நீட்டினார். "ஆத்து மனுஷா கையில இருக்கட்டும்." மஞ்சள் நூலோடு அவை இன்னும் ஈரமாக இருந்தன.

தாழ்வாரத்துக்கு வந்தபோது, தீட்டுக்காகத் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்ட சுப்பு ஈரத்தலையோடு படியில் உட்கார்ந்திருந்தாள்.

"பயமா இல்லியாடி உனக்கு?"

"மாமா தூங்கறாப்லதான் இருந்தார். கதை படிக்கறச்சேதான் பயமா இருக்கும்."

"என்ன கதை?"

"பூட்டிய மாடி. எங்களுக்குத் தமிழ் வேகமா படிக்க வராது மாமா, ஸ்கூல்ல கிடையாதே. புஸ்தகம் வந்தா நாணு மாமாதான் இங்கே உக்காந்து படிச்சுக் காட்டுவார். சாவித் தாத்தா வந்தா தொண்டையை இப்படிச் செருமுவார். பூணூல்லேர்ந்து சாவியை எடுத்து ஆட்டுவார். ஸச்சி, நிஜம்மா, எல்லாரும் கத்திண்டு ஓடுவோம்."

பஞ்சு படியில் உட்கார்ந்தான்.

"அவர்... அந்தக் கதை அவரைப் பத்தின்னு நினைச்சாரா?"

"யாரைப் பத்தி?"

"ஒண்ணுமில்லை."

"நான் நாணு மாமாகிட்ட கேட்டேன். சாவித் தாத்தா நல்லவரா கெட்டவரான்னு. 'எழுதறவனுக்குத் தெரியும்மா, அடுத்த மாசம் சொல்லிடுவான்'னார். இனிமே யார் படிச்சுக் காட்டுவா?"

வாய்க்கரிசி போட்டபோது கட்டடத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நாகுவின் பக்கத்தில் ஒரு கணம் யாருமில்லை. அதற்காகவே காத்திருந்தவன்போலப் பஞ்சு குனிந்தான். கேட்கிற நேரம் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் கேட்டான்.

"நாகு, நீ அத்திம்பேர்கிட்ட சொன்னியா?"

"மேல் அலமாரியில நெய் இருக்கு பாரு. வாத்தியார் கேக்கறார்" என்றாள்.

நெய்யை எடுத்துக் கொடுத்தான். நாலு பேரில் ஒருவனாகத் தோள் கொடுத்தான். முன்னால் வலப்பக்கத்தில் இருந்தவன் அந்த இரண்டாம் மாடிப் பையன். இப்போது காலேஜில் படிக்கிறான், மீசை வந்துவிட்டது. மாடிப்படித் திருப்பத்தில் பாடை சாய்ந்தபோது ஒரு கையால் கைப்பிடிச் சுவரையும் ஒரு கையால் மூங்கிலையும் அப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "பாத்து தம்பி, பாத்து" என்று இசக்கி பின்னாலிருந்து சொன்னான். பையன் திரும்பிப் பஞ்சுவைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன் போலிருந்தது. பஞ்சு முந்திக்கொண்டு, "நட, நட" என்றான்.

சயான் மயானத்தில் எல்லாம் முறைப்படி முடிந்தது. காத்திருந்த நேரத்தில் பஞ்சு தன்னை அறியாமல் அடுத்த அத்தியாயத்தை யோசித்துக்கொண்டிருந்தான். சாவித் தாத்தா ஒரு பையனைக் காப்பாற்றுவதாக எழுதலாம், டிராயர் கிழிவதற்குக் குழந்தைகள் சிரிக்கும். புகை கண்ணில் பட்டதும், இப்போதுகூடப் பத்திரிகைக்குத்தான் யோசிக்கிறோம் என்பது உறைத்தது. எழுந்து தள்ளிப் போய் நின்றான்.

திரும்பி வந்து குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு கூடத்தில் நுழைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். உறவுக்காரர்கள் பங்கஜம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஓர் அகல் எரிந்தது. நாகு சுவரில் சாய்ந்திருந்தாள். வாசல் கதவு இடுக்கில் யாரோ ஒரு செங்கல்லை வைத்திருந்தார்கள், மறுபடி யாராவது சாத்திவிடாமல் இருக்க.

இடுப்பு மடிப்பிலிருந்து சாவிகளை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"சாப்பிட்டியா?" என்றாள்.

"நாகு, என்கிட்ட மழுப்பாதே. அவருக்குத் தெரியுமா?"

அவள் திரியைத் தூண்டினாள். எண்ணெய் விரலைத் தலையில் துடைத்துக்கொண்டாள். இப்போதும் பதில் வராது என்று அவன் எழுந்திருக்கப் போனான்.

"தெரியும்" என்றாள்.

"நீ சொன்னியா?"

"நான் சொல்லலை. முதல் மாசமே கண்டுபிடிச்சுட்டார். 'உன் தம்பி எழுத்துடி இது. ஒரு ஈ எறும்புக்குக்கூட இரக்கம் பார்க்க மாட்டான், ஆனா சிரிப்பு வருது'ன்னார்."

"கோவிச்சுண்டாரா?"

"கோவிச்சுக்கலை. நான்தான் கோவிச்சுண்டேன், உன்னைக் கூப்பிட்டுக் கேக்கறேன்னேன். வேண்டாம்னுட்டார். புஸ்தகம் தபால்ல வந்தா மத்ததெல்லாம் அப்புறம், உன் கதையோட கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல புரட்டுவார். 'இந்த மாசமும் சொல்லலைடி'ன்பார். மூடி வெச்சுட்டுக் குழந்தைகளைக் கூப்பிடப் போயிடுவார்." அவள் குரலில் கோபம் இல்லை, நாள் முழுக்க அழுத களைப்புதான் இருந்தது. "போன வாரம்கூடச் சொன்னார். 'முடிக்கறச்சே என்னை நல்லவனாப் போட்டுடுவான். கூட இருந்து பார்த்தவன்தானே'ன்னு."

பஞ்சு மஞ்சள் நூலிலிருந்து சின்னச் சாவியைப் பிரித்துத் தனியே வைத்தான்.

வெளியே படிகளில் குழந்தைகள் வந்து உட்காரும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு குழந்தை தொண்டையைச் செருமிக் காட்ட, இன்னொன்று "ஷ்" என்றது. செங்கல் இடுக்கு வழியே தாழ்வாரத்து வெளிச்சம் கூடத்துத் தரையில் நீளமாக விழுந்து, சின்னச் சாவிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது.