காரணத்தைக் கூட்டி வந்தவள்

சாப்பிட்டு இருபது நிமிடம் ஆனதும் சிவகாமியின் கைகள் நடுங்கத் தொடங்கும். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் நடுங்கிவிட்டு நின்றுவிடும். இதில் வீட்டில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. நடுக்கத்துக்குக் காரணம் இல்லை என்பதுதான் பிரச்சினை.

காரணமில்லாமல் நடுங்குகிறவர்கள் கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது என்று குடியிருப்பின் நோட்டீஸ் பலகையில் போட்டிருந்தது. காரணம் உள்ளவர்களுக்குத் தடை இல்லை. மூன்றாம் மாடிக்காரர் காரணத்தோடு வெடவெடவென்று நடுங்கியபடியே இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவார். அவரை ஏன் என்று ஒரு நாயும் கேட்டதில்லை.

சிவகாமியின் மகளுக்கு மூன்று மாதம். பத்தொன்பது நாளாக அவள் மகளைத் தூக்கவில்லை. பால் கொடுக்கும் நேரத்தில் கணவனின் அக்கா பரிமளம், குழாயடியில் குடத்தைப் பிடிப்பதுபோலக் குழந்தையை அவள் மார்பில் பிடிப்பாள். நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

நடுக்கமே இல்லாவிட்டால் தடையும் இல்லையே என்று சிவகாமி இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்தாள். நடுக்கம் நின்றது. பாலும் நின்றது. குழந்தை வீறிட்டு அழுததைக் கேட்டு, ஒரு தட்டுச் சோற்றை அழுதுகொண்டே தின்றாள். சாப்பிட்டால் கை இல்லை, சாப்பிடாவிட்டால் பால் இல்லை. என்ன பிழைப்பு இது!

“காரணத்தைக் கூட்டிக்கிட்டு வந்துடு சிவகாமி,” என்றான் கணவன் குணசீலன். “அப்புறம் தாராளமா தூக்கிக்க. யாரு வேணாங்கறா?”

காரணங்கள் பெரிய ஆஸ்பத்திரியில், ஒரு வராந்தாவின் கடைசியில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். வராந்தாவின் வாசலில் மேஜை போட்டிருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

“சாப்ட்டுட்டு வந்தியா?”

“இல்லம்மா.”

“நடுங்காம வந்து நின்னா அதுங்க உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? போய் சாப்ட்டுட்டு வா.”

கேன்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நடந்தாள். வராந்தா நீண்டுகொண்டே போனது. கைகள் நடுங்கத் தொடங்கின. நடுங்கி முடித்து நின்றன. பெஞ்சு இன்னும் வரவில்லை. திரும்பி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது.

“வராந்தா நீளுதும்மா.”

“சாப்ட்டவங்களுக்கு நீளும். ஒரு வாய்க்கு ஒரு கஜம்.”

“அப்ப எப்படித்தான் போறது?”

“எல்லாரும் போயிட்டுதான் இருக்காங்க.”

இப்படிப் பதில் சொல்வதற்கென்றே ஆட்களைத் தேடிப் பிடித்து உட்கார வைக்கிறார்கள்.

மறுநாள் சிவகாமி இட்லியை டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நடந்தாள். பதினெட்டு எட்டில் பெஞ்சு வந்துவிட்டது. அதன் நுனியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். வாசல்தான் தூரம் போனது. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். இருபது நிமிடத்தில் கைகள் நடுங்கின. காரணங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

சர்க்கரை, வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான ஆள். அவள் விரல் நுனியைப் பிடித்துப் பார்த்தார். “சாப்பிட்டதும் விறுவிறுன்னு ஏறி, தொப்புனு கீழ விழுவேன். அப்ப கை நடுங்கும். ஆனா உன் வீட்டுப் பக்கம் நான் வந்ததே இல்லையேம்மா.”

தைராய்டு அம்மாள் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தாள். “நான் வந்தா நாள் பூரா இருப்பேன். முக்கால் மணி நேரத்துக்கெல்லாம் வர்றதில்ல.”

காபி உட்காரவே இல்லை. “எத்தனை டம்ளர்?” என்று கேட்டார்.

“பாப்பா பொறந்ததுலேருந்து குடிக்கறதில்லங்க.”

“அப்ப எங்கிட்ட என்ன பேச்சு?”

பயம், தோளில் துண்டு போட்ட பருத்த மனிதர். அவர் மட்டும் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். சிவகாமிக்கு நம்பிக்கை வந்தது. “நான் சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துடுவேன் தாயி,” என்றார் அவர். “நான் வந்தா சோறு இறங்காது. நீ நாலு இட்லி சாப்ட்டிருக்க.”

“யாராச்சும் ஒருத்தர் வாங்களேன். பொய்யாவாச்சும் வாங்க. எம்பொண்ணைத் தூக்கணும்.”

எல்லாரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள்.

பெஞ்சின் மறுகோடியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் இருந்தார். இஸ்திரி மடிப்பு கலையவில்லை. “நான் வரேன்,” என்றார்.

“நீங்க யாரு?”

“தெரியல. தெரியலன்னே பதிஞ்சிருக்காங்க. அதுவும் காரணம்தான். சீல் இருக்கு.”

சீல் இருந்தது. சிவகாமி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இட்லியால் நீண்டுபோன வராந்தாவைக் கடந்து அவர்கள் வீடு வந்து சேர மதியம் தாண்டிவிட்டது.

குணசீலன் கை வைத்த நாற்காலியை எடுத்துப் போட்டான். பரிமளம் இலை போட்டாள். காரணம் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார். சிவகாமியும் சாப்பிட்டாள். பிறகு எல்லாரும் நடுக்கத்துக்காக இருபது நிமிடம் காத்திருந்தார்கள்.

சிவகாமியின் கையில் இருந்த டம்ளர் தளும்பியது. காரணத்தின் கைகள் முழங்காலில் அசையாமல் கிடந்தன.

“கை எப்படி நிக்குது பாருடா,” என்றாள் பரிமளம். “இவரை நம்பிக் குடுக்கலாம்.” குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“எங்கிட்டல்ல குடுக்கணும்?” என்றாள் சிவகாமி.

“காரணம் உள்ளவங்க தூக்கலாம்னுதான் போட்டிருக்கு,” என்றான் குணசீலன். “காரணமே வந்திருக்கறப்ப நீ எதுக்கு?” அவன் கோபமாகச் சொல்லவில்லை.

குழந்தை கட்டம் போட்ட சட்டையின் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அது சிரித்து அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்த மனிதரைச் சபிக்கலாம் என்றால், அவர் குழந்தையின் தலைக்கு அடியில் கை கொடுத்துப் பதமாகத்தான் பிடித்திருந்தார். அவர்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

சாயங்காலம் குழந்தை பசித்து அழுதது.

“இவங்க நல்லா சாப்ட்டாதான் பால் வரும்,” என்றார் காரணம் அக்கறையாக. “ஆனா தட்டு கிடுகிடுன்னா பிள்ளை திடுக்கிடுது. வெளியில உக்காந்து சாப்ட்டுட்டு, நடுக்கம் நின்னதும் வரட்டும்.”

அது நியாயம்தான் என்று எல்லாரும் சொன்னார்கள்.

சிவகாமி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தன் வீட்டுக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். ஒரு வாய் சாப்பிட்டாள். கதவு ஒரு கஜம் தள்ளிப் போனது. இன்னொரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு கஜம் போனது. கதவின் எண் மங்கிவிட்டது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் மட்டும் இன்னும் லேசாகக் கேட்டது.

பசி அழுகைதான். பால் ஊற வேண்டுமே என்று அவள் அடுத்த கவளத்தைப் பெரிதாக உருட்டினாள்.