பட்டாபியின் பிடரியில் ஒரு கொசு

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. வலியசாலையில் எதிர்வீட்டுச் சூடாமணி மாமி சுண்டல் கொடுக்க வந்தாள். "கல்லாத்துக் கூடாரத்துலதான் எனக்குக் குடித்தனமே ஆரம்பிச்சது, கேட்டியோ. ஒரு கொசுவால" என்றாள். உடனே வெட்கப்பட்டுப் போய்விட்டாள். மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன்.

2

முதல் தொடக்கம்: கல்லாற்றின் சலசலப்பில் அவள் இதயம்...

வேண்டாம், அடித்துவிட்டேன். மாமியின் இதயம் அப்படியெல்லாம் சலசலக்காது.

இரண்டாவது: வருஷம் 1931. சர்வே ஆபீஸ் பட்டாபிக்குக் கல்லாற்றில் முகாம். புதுப்பெண்டாட்டி சூடாமணியும் கூடப் போனாள். மாமியார் அனுப்பியதே பெரிது. "அவனுக்கு ஜுரம் கிரம்னு வந்துதோ, அன்னிக்கே ரெண்டுபேரும் ஆத்துக்கு வந்துடணும்" என்று சொல்லிப் புல்தைலக் குப்பியைக் கையில் கொடுத்தாள். அதைப் பூசிக்கொண்டால் ஜுரம் கொண்டுவரும் கொசு அண்டாது.

மாமியார் வீடு நிறைய மனுஷர்கள். புருஷனிடம் நேரே பேசக்கூடாது. வெந்நீர் ரெடி என்பதைக்கூட ஓர்ப்படி வழியாகத்தான் சொல்லியனுப்ப வேண்டும். (அவள் பாதிச் சேதியை விழுங்கிவிடுவாள்.) கூடாரத்திலோ இவர்கள் இரண்டு பேர் மட்டும். அந்தக் கித்தான் வீடு சூடாமணிக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அது பறிபோகாமல் இருக்க வேண்டுமானால் பட்டாபியைக் கொசு கடிக்கக்கூடாது.

3

ஆனால், நடுவில் ஆள் இல்லாமல் எப்படிச் சொல்வது? அந்தியில் அரிக்கேன் விளக்கை ஏற்றி, விளக்கிடமே முறையிட்டாள்: "சிலபேர் தைலம் பூசிண்டாத் தேவலை."

சந்தி விளக்குக்கு ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்துப் பட்டாபி பக்தியாகக் கைகூப்பினான்.

குப்பியை அவன் முன்னால் நகர்த்தினாள். காற்றில் படபடத்த சர்வே படத்தின்மேல் அதைப் பாரமாக வைத்துக்கொண்டான். ஐயோ, இவனை வைத்துக்கொண்டு நான் எங்கே கதை எழுத!

(ஒரு பிரதியில் அவனுக்கு ஜுரத்தை வரவழைத்தேன். கதைக்கு ஒரு அழுத்தம் வேண்டாமா? மாமி படித்துவிட்டு, "எங்காத்துக்காரரைப் படுக்கப் போட்டியோ, உன்னோட பேசமாட்டேன்" என்றாள். அதையும் அடித்துவிட்டேன்.)

4

இப்போது நாம் நிற்கும் இடம் இது. பட்டாபி படத்தின்மேல் குனிந்திருக்கிறான். பிடரியில் ஒரு கொசு வந்து உட்காருகிறது. பின்னால் சூடாமணி, உள்ளங்கையில் தைலத்தோடு.

முடிவு ஒன்று: "ஏன்னா, கொசு!" என்கிறாள். கல்யாணமானபின் அவனிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அவன் திரும்பிப் பார்க்கிறான், வெகு நேரம் பார்க்கிறான்.

முடிவு இரண்டு: புருஷன்மேல் கையோங்குவதாவது என்ற கூச்சமெல்லாம் போய், பளீரென்று ஒரு அறை. அறைந்த கை அங்கேயே தங்கி, தைலத்தைத் தேய்க்கிறது.

இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டேன். இரண்டு சூடாமணியும் எனக்குப் பிரியமானவர்கள்தான். மாமியைக் கேட்டால் சிரிக்கிறாள். மாமாவைக் கேட்டால், "எந்தக் கொசு?" என்கிறார்.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். பேசட்டுமா, அறையட்டுமா? யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்; அது கடிக்க ஆரம்பித்துவிட்டது.