ஸ்டேட்டஸில் காய்த்த மரம்

தங்கவேல் அரக்கோணம் ரயில்வேயில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நட்டு போல்ட்டாக இருந்தாலும் அவர் கை பட்டால் வழிக்கு வந்துவிடும். மாமரமும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார். மனுஷன் கோட்டைவிட்டது அங்கேதான்.

மரம் என்றதும் பத்துப் பேர் நிழலுக்கு ஒதுங்கும் மரம் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் தலைக்கு மேல் ஒரு முழம் நிற்கும், அவ்வளவுதான். திருத்தணியில் மலையடிவாரத்துத் தெருவில் அவர் வீடு. பின்பக்கம் துணி துவைக்கும் கல்லை ஒட்டி, இரண்டு கிளையாகக் கவை பிரிந்து நின்றது மரம். பள்ளிப்பட்டில் தோப்பு வைத்திருக்கும் மச்சான் பங்காரு, தன் தோப்பு மரத்திலிருந்து ஒட்டுக் கட்டிக் கொண்டுவந்து, அக்கா மணியம்மைக்காக நட்டுக் கொடுத்தது. அந்தத் தாய்மரம் இப்போது இல்லை. இரண்டு வருஷம் மழை ஏமாற்றியது, போர்க் கிணறு வற்றியது, போன மாசியில் மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போயிற்று. அந்த ருசியில் வேறு மரம் அந்தப் பக்கத்திலேயே கிடையாது. மிச்சம் இந்த ஒட்டு ஒன்றுதான். ஆடியில் மழை விழுந்து துளிர் முற்றியதும் குச்சி வெட்டிப்போய் மறுபடி ஒட்டுக் கட்டலாம் என்று பங்காரு காத்துக்கொண்டிருந்தான்.

இந்த வருஷம் பார்த்து மரம் காய்த்துவிட்டது. முதல் காய்ப்பு. சொன்னால் பங்காரு சந்தோஷப்படுவான் என்று பார்த்தால், அக்கா புருஷனிடம் போனில் பதறினான்.

“பிஞ்சுலயே கிள்ளிப் போட்டுடுங்க பாவா. சின்ன மரம். இந்த வெயில்ல காயையும் சொமந்துகினு உசுரையும் வெச்சிக்கினு நிக்காது.”

“ஆங், ஆங். நான் பாத்துக்கறேன், நீ வுடு” என்று போனை வைத்தார் தங்கவேல். வைத்த கையோடு காய்களைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. கூட வேலை பார்த்தவர்கள் கும்பிடு போட்டார்கள், இதயம் அனுப்பினார்கள். அரக்கோணத்து ஜமீல் அகமது, “விவசாயி ஆயிட்டியே வாத்தியாரே!” என்று எழுதினார். அத்தனை வருஷம் இஞ்சினுக்கு அடியில் படுத்து உழைத்ததற்கு யாரும் ஒரு இதயம் அனுப்பியதில்லை. மனுஷன் கிறங்கிப்போனார். தினமும் காலையில் உதிர்ந்த இலை ஒன்று விடாமல் அள்ளிக் கொட்டி, மரத்தடியைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு, ஒரு போட்டோ. தண்ணீரா? அது ஞாபகம் வந்தபோது, உச்சி வெயிலில், அடிமரத்தில் ஒரு வாளி. டி.வி.யில் வெயிலில் திருத்தணி முதலிடம் என்று சொன்னால் அதிலும் அவருக்கு ஒரு பெருமை. அந்த வெயிலில் காய்க்க வைத்திருக்கிறாரே! மரம் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது அவர் கண்ணில் படவில்லை. போட்டோவில் காய்தான் பெரிதாகத் தெரிந்தது.

அவருக்கு இருந்த ஒரே பயம் குரங்கு. கத்திரி வெயிலில் மலைக்கு வரும் கூட்டம் குறையும், மேலே தண்ணீர் வற்றும், குரங்குகள் தெருவுக்குள் இறங்கும். மற்றவர்கள் வலை கட்டினார்கள், பட்டாசு கொளுத்தினார்கள். தங்கவேலுக்கு அதெல்லாம் அறிவில்லாதவர்கள் செய்கிற வேலை. மேலேயே வயிறு நிரம்பிவிட்டால் கீழே எதற்கு வரப்போகின்றன? தினமும் ஒரு பை வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மலையேறிக் குரங்குகளுக்குப் போட்டார். சன்னிதியில் நின்று, “உன் ஆளுங்களுக்குப் படியளந்துட்டேன் முருகா. என் காய் மேல கை வெக்காம நீதான் பாத்துக்கணும்” என்று பேசி முடித்துக்கொண்டார். புண்ணியத்துக்குப் புண்ணியம், காவலுக்குக் காவல்.

“சாமியப் பாக்கப் போறீங்களா, கொரங்கப் பாக்கப் போறீங்களா?” என்று கேட்டாள் மணியம்மை.

“ரெண்டும் ஒண்ணுதான். நீ கம்முனு இரு.”

முதல் வாரம் உச்சி வரைக்கும் ஏறினார். முட்டி வலித்தது. சரி, முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று அடுத்த வாரம் பாதி மலையோடு நின்றுகொண்டார். குரங்குகள் அங்கே இறங்கி வந்து வாங்கிக்கொண்டன. முட்டி இன்னும் வலித்தது. அடிவாரத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குரங்குகளும் நல்ல பிள்ளைகளாக அடிவாரத்துக்கே வந்துவிட்டன. ‘நம்ம மேல என்ன மரியாதை பாரு’ என்று பூரித்துப்போனார். அங்கேயிருந்து அவர் வீட்டுக்கு ஒரே ஒரு தெரு. மலை மேல் இருந்த கூட்டத்தைப் பழம் காட்டிக் காட்டித் தானே வீட்டுக்கு அழைத்து வந்துகொண்டிருக்கிறோம் என்பது அந்த மூளைக்கு எட்டவே இல்லை. இதே மூளையை மெச்சி ரயில்வேயில் ஒருமுறை பரிசு வேறு கொடுத்திருந்தார்கள்.

ஒருநாள் முட்டி வீங்கிப் படுத்துவிட்டார். அடிவாரத்தில் காத்துப் பார்த்த குரங்குகள், ஆளைக் காணோமே என்று மதில் மேலேயே தேடிக்கொண்டு வந்துவிட்டன.

சத்தம் கேட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார் தங்கவேல். கூட்டத்தில் பெரியது துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தது. பழம் இல்லை, கம்புதான் இருந்தது. பல்லைக் காட்டி ஒரு உறுமல். கம்பைப் போட்டுவிட்டு ஓடிவந்து கிரில் கதவைச் சாத்திக்கொண்டார் காவல்காரர். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மரத்தில் தாவியது. ஒரு கிளை அடியோடு முறிந்து, பட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் விழுந்தது. பிடுங்கிய காய்களை ஒரு கடி கடித்துப் பார்த்து, புளிப்பு பொறுக்காமல் வீசிவிட்டுப் போய்விட்டன.

தங்கவேலுக்கு அழுகையே வந்துவிட்டது. பங்காருவிடம் என்ன சொல்வது? போன் அடித்தபோதெல்லாம் எடுக்கவில்லை. ஸ்டேட்டஸும் போடவில்லை. அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது. இரண்டு நாளாகக் காயைக் காணோமே என்று பங்காரு முதல் பஸ் பிடித்து வந்து இறங்கிவிட்டான்.

அவன் திட்டியிருந்தால் தேவலை. நேராகப் பின்பக்கம் போய் மரத்தைச் சுற்றி வந்தான். மிஞ்சியிருந்த கிளையில் நகத்தால் சுரண்டினான். உள்ளே பச்சை தெரிந்தது.

“உசுரு கீது” என்றான்.

கிழிந்த இடத்தில் களிமண்ணைப் பிசைந்து அப்பினான். “இந்த எல தழைய இன்னாத்துக்கு பாவா அள்ளிக் கொட்டறீங்க? அதான் ஈரத்தக் காப்பாத்தறது” என்று குப்பையில் கிடந்த சருகையெல்லாம் திரும்ப அள்ளி வந்து மரத்தைச் சுற்றிப் பரப்பினான். மணியம்மை பழைய புடவை ஒன்றைக் கொண்டுவந்து மேற்கு வெயில் படாமல் கட்டினாள்.

“காய அறுத்துடணும் பாவா. அது கீற வரைக்கும் இந்தக் கெள தேறாது.”

இந்த முறை தங்கவேல் கேட்டுக்கொண்டார். வலிக்கிற முட்டியோடு நின்று ஒவ்வொன்றாக அறுத்தார். ஒவ்வொன்றும் அவர் ஸ்டேட்டஸில் போட்ட ஒரு போட்டோ. கடைசிக் காய்க்குக் கை போனபோது பங்காரு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அத்த மட்டும் வுட்டுடலாமா பாவா?” அவன் குரல் இறங்கியிருந்தது. “பழுக்கட்டும். ஒரே ஒரு வாட்டி வாயில வெச்சிப் பாத்துக்கறேன். மரம் போனதுலேர்ந்து அந்த ருசி...”

ஊருக்கெல்லாம் காயைக் காட்டிய தங்கவேலுக்கு, இவனுக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. விட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணாந்து பார்த்தார். நுனி இலைகள் எல்லாம் சுருண்டு கிடந்தன. இத்தனை நாளாக அப்படித்தான் கிடந்திருக்க வேண்டும்.

“வேணாம் பங்காரு. நீ சொன்னதுதான். தாங்காது.”

அறுத்துவிட்டார். பால் விரலில் வழிந்தது. காயை அவனிடம் நீட்டினார். பங்காரு அதை வாங்கி மோந்து பார்த்தான். பிறகு லுங்கியில் துடைத்து, தோலோடு ஒரு கடி கடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

“அதே புளிப்பு” என்றான். “நீங்களும் கடிங்க பாவா. இன்னும் வாயிலயே வெச்சிருக்க மாட்டீங்களே.”

வைத்ததில்லைதான். தங்கவேல் வாங்கிக் கடித்தார். பல் கூசியது, காது வரைக்கும் சுரீர் என்றது, நாக்கின் அடியில் லேசாக ஒரு இனிப்பு தட்டியது. இதற்காகத்தான் ஒருத்தன் முதல் பஸ்ஸில் ஓடிவந்திருக்கிறான். மிச்சத்தை அவனிடமே கொடுத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு மரத்துக்குத் தண்ணீர் பிடிக்கப் போனார்.